தச்சன் வளைத்த கல்

பெரம்பூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இரும்பு வளைவது அதிசயம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அங்கே ரயில்வே பட்டறைகள் இருக்கின்றன. 1955இல் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். வந்தது. தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது ஒருவர் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்புகிறவராக இருப்பார். என் அப்பா கேரியேஜ் ஒர்க்ஸில் பிட்டர். ரயில்பெட்டியின் கூரை ஏன் குவிந்திருக்கிறது என்று நான் சின்ன வயதில் கேட்டபோது அவர் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு போஸ்ட் கார்டை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்தார், விழுந்தது. அதையே லேசாக வளைத்து வைத்தார், நின்றது. “மழைத்தண்ணி வடியறது ஒரு காரணம்டா. ஓரிரு மில்லிமீட்டர் தகடு தன் காலிலேயே நிக்கறது இன்னொரு காரணம்” என்றார்.

அந்தப் போஸ்ட் கார்டு மறுபடி நினைவுக்கு வந்தது பெரம்பூரில் அல்ல, எட்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளித் திருவொற்றியூரில். தியாகராசர் கோயில் என்று ஊர் சொல்கிற ஆதிபுரீசுவரர் கோயிலின் மூலவர் கருவறையைச் சுற்றி வரும்போது, பின்பக்கம் மூலை வரவேண்டிய இடத்தில் மூலை வரவில்லை. வலப்பக்கச் சுவர் நேராக வந்து, அப்படியே வளைந்து, இடப்பக்கச் சுவராகிவிட்டது. அடிப்பீடமான அதிட்டானத்தின் ஒவ்வொரு வரியும், சுவரும், மேலே கூரை விளிம்பான கபோதமும் அதே வளைவில் திரும்புகின்றன. அப்பா கல்லில் கை வைத்துப் பார்த்தார். இரண்டு கற்கள் சேருகிற கோட்டை நகத்தால் வருடினார். “இது வளைச்சது இல்ல. வளைஞ்ச மாதிரி செதுக்கிச் சேர்த்திருக்கான். பிட்டர் வேலைடா இது.”

இந்த அத்தியாயம் அந்த ஒரு வரியின் விரிவுரை. கல் வளையாது என்பது கட்டியவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் வளைந்த கட்டடத்தைக் கல்லில் எடுத்தான்? எப்படி எடுத்தான்?

முதலில் கட்டியவன் யார் என்பதைச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான கோயில்களில் கொடை கொடுத்தவர் பெயர் இருக்கும், விளக்கெரிக்க விட்ட ஆடுகளின் எண்ணிக்கைகூட இருக்கும். கட்டியவர் பெயர் அபூர்வம். தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் கிடைக்கிறது. அதே தலைமுறையில், முதலாம் இராசேந்திரன் ஆண்ட 1012 முதல் 1044 வரையிலான காலத்தில், திருவொற்றியூரிலும் ஒரு பெயர் கிடைக்கிறது: வீரசோழத் தச்சன் எனப்பட்ட இரவி. சதுரானன பண்டிதர் சொல்ல, கரிய கல்லால் மூன்று தளமுள்ள விமானத்தை இவன் எடுத்தான் என்கிறது கல்வெட்டு.

சதுரானன பண்டிதர் என்பது ஒருவருடைய பெயர் மட்டும் அல்ல, அவ்வூர் மடத்தின் தலைவர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம். முதல் சதுரானனரின் கதை ஒரு நாவலுக்குரியது. கேரளத்தில் பிறந்த வல்லபன் என்னும் வீரன், சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற நண்பனாகவும் படைத்தலைவனாகவும் இருந்தான். 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அந்த நேரத்தில் வல்லபன் அருகில் இல்லை. நண்பனோடு சாகாமல் போனோமே என்ற துயரத்தில் கங்கையில் நீராடித் துறவு பூண்டு, திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் அடைக்கலமானான். அவனே சதுரானனன் ஆனான். இதைச் சொல்லும் கல்வெட்டு, அவன் நண்பனைக் கொன்ற படைக்குத் தலைவனான அதே கிருஷ்ணனின் ஆட்சியாண்டைக் குறித்துக்கொண்டு தொடங்குகிறது. அந்தப் பட்டத்தை ஏற்ற பின்னவர் ஒருவர்தான் இரவியை அழைத்தவர்.

இரவி கட்டுவதற்கு முன்பும் அங்கே கோயில் இருந்தது. தேவார மூவரும் பாடிய ஊர் அது. பல்லவர் காலக் கல்வெட்டுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. புற்று வடிவான இறைவன் என்பதால் மூலவரை ஆண்டு முழுதும் கவசம் மூடியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். மண்புற்று நீரைத் தாங்காது என்ற எளிய உண்மையும் இந்த வழிபாட்டு முறைக்குள் இருக்கிறது. மண்ணாலான ஒன்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கருங்கல்லை அடுக்குவது என்பதுதான் இரவிக்குக் கிடைத்த வேலை.

அவன் பெயரில் ஒரு துப்பு இருக்கிறது: தச்சன். கல்லில் கட்டியவனை ஏன் தச்சன் என்றார்கள்? இன்றும் கல்தச்சர் என்றுதான் சொல்கிறோம். தச்சு என்றால் நமக்கு மரவேலை. கல்கட்டடத்தின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். தூணுக்குப் பெயர் கால். அதன் தலையில் போதிகை, அதன்மேல் உத்தரம், வெளியே வளைந்து இறங்குவது கொடுங்கை. வீடு கட்டும் மரத்தச்சன் பட்டறையிலிருந்து அப்படியே எழுந்து வந்த சொற்கள் இவை. ஆவுடையார்கோயிலில் கருங்கல் கொடுங்கையின் அடிப்புறத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மரச்சட்டங்கள், குறுக்குக் கம்பிகள், அவற்றை இறுக்கும் ஆணித் தலைகள் வரை எல்லாம் கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கும். கல்லுக்கு ஆணி வேண்டியதில்லை. ஆனால் கல்தச்சனின் கைக்கு மரம் மறக்கவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. கிரேக்கர்களின் டோரிக் கோயில்களில் உத்தரத்துக்கு மேலே கோடு கிழித்த கட்டைகள் வரிசையாகத் தெரியும். அவை மரக்கூரையின் விட்ட முனைகளின் நினைவு என்பது பழைய கருத்து. பீகாரின் பராபர் குன்றில் உள்ள லோமஸ் ரிஷி குகையின் முகப்பு, வளைத்துக் கட்டிய ஒரு குடிசை வாசலைப் பாறையில் வெட்டியது போலவே இருக்கிறது. அதற்கு இரண்டாயிரத்து இருநூறு வயதுக்கு மேல். மகாராஷ்டிரத்தில் கார்லே குகையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பாறையைக் குடைந்து எடுத்த வளைகூரையின் அடியில் உண்மையான மர வளைச்சட்டங்களையே பொருத்தினார்கள். பாறை தன்னைத் தானே தாங்கும், மரத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் அவை ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டாக அங்கேயே இருக்கின்றன. அந்தக் குகையின் தரை வரைபடம் எப்படி? நீண்ட கூடம், பின்பக்கம் அரைவட்டம். திருவொற்றியூரின் அதே வடிவம்.

அப்படியானால் வளைந்த முதுகின் பிறப்பிடம் மூங்கிலும் ஓலையும் ஆண்ட குடிசை. இங்கேதான் அறிவியல் தொடங்குகிறது. மூங்கிலுக்கு வளைவது இயல்பு, நேர்மூலைதான் கடினம். இரண்டு சுவர்கள் செங்கோணத்தில் சேருமிடத்தில் கட்டு தளரும், காற்று பிடிக்கும். இருபக்கச் சரிவுக் கூரையின் பின்முனையில் முக்கோணமாக ஒரு திறப்பு விழும். அதை மூட வேண்டும், மூடினாலும் கடற்காற்று முதலில் அடிப்பது அதைத்தான். பின்பக்கத்தை வட்டமாக்கி, உச்சியிலிருந்து விசிறிபோல் சட்டங்களை இறக்கி ஓலையைச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டால் மூலையும் இல்லை, முக்கோணமும் இல்லை. காற்று வழுக்கிக்கொண்டு போகும். ஆந்திரக் கடற்கரையில் புயல் பழகிய மீனவர்கள் கட்டும் வட்டக் குடிசைக்குச் சுட்டில்லு என்று பெயர். நம் காதுக்கு அது சுற்று இல். கூரை தரையைத் தொடுமளவு தாழ்ந்திருக்கும்.

குடிசையில் மலிவாகவும் வலுவாகவும் இருந்த அந்த வடிவம் முதலில் செங்கல்லுக்குப் போனது. நாகார்ஜுனகொண்டாவின் பௌத்தச் சைத்தியங்களும், ஆந்திரத்தின் சேஜர்லாவிலும் மகாராஷ்டிரத்தின் தேரிலும் இன்று இந்துக் கோயில்களாக இருக்கும் செங்கல் கட்டடங்களும் அந்த வரிசை. செங்கல் சிறியது, சாந்தை ஒருபக்கம் கொஞ்சம் தடிமனாக வைத்தால் சுவர் தானாக வளையும். பிறகு ஏழாம் நூற்றாண்டில் மாமல்லபுரத்தில் ஒரே பாறையிலிருந்து சகாதேவ ரதத்தைச் செதுக்கினார்கள். பக்கத்திலேயே ஒரு யானையையும் செதுக்கி நிறுத்தினார்கள். ரதத்தின் முதுகையும் யானையின் முதுகையும் ஒரே பார்வையில் பார்க்கிறபடி அவை நிற்கின்றன. வடமொழியில் கஜபிருஷ்டம், யானையின் பின்புறம். தமிழில் இன்னும் அழகான பெயர்: தூங்கானை மாடம். தேவாரத்தில் பெண்ணாகடத்துக் கோயிலுக்கே அது பெயர்.

ஒரே பாறையில் செதுக்குவது சிற்பம். தனித்தனிக் கற்களை அடுக்கி இந்த வடிவத்தை எழுப்புவது கட்டடம். இரண்டும் வேறு வேறு வித்தை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவன் அபராசிதன் ஆட்சியில், திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலை நம்பி அப்பி என்பவர் அப்படிக் கல்லடுக்கிக் கட்டினார். அதன்பின் தொண்டை மண்டலம் இந்த வடிவத்தை விடவே இல்லை. திருவேற்காடு, வட திருமுல்லைவாயில், பெரம்பூருக்கு மேற்கே வில்லிவாக்கம் தாண்டினால் வரும் பாடி திருவலிதாயம் என்று, சென்னையின் வடக்கும் மேற்கும் யானை முதுகுகளால் நிறைந்திருக்கின்றன. இவற்றுள் பெரிய அரசின் கைவலிமையும் பெயர் தெரிந்த தச்சனும் சேர்ந்து அமைந்தது திருவொற்றியூர்.

இனி இரவியின் சிக்கலுக்கு வருவோம். அப்பா ஒருமுறை சொன்னார்: “தகடு சொன்ன பேச்சு கேக்கும். வார்ப்பிரும்பு கேக்காது, உடைஞ்சுடும்.” கல் வார்ப்பிரும்பைவிடப் பிடிவாதமானது. எஃகுக்குள் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக் கொடுக்கும், அதனால்தான் வளைகிறது. கருங்கல்லில் குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் படிகங்களாகக் கோத்துக்கொண்டு நிற்கின்றன. வழுக்குவதற்கு வழியில்லை. இழுத்தால் ஒரு நுண்விரிசல் திறக்கும், அதன் முனையில் விசை குவியும், விரிசல் ஓடிவிடும். நல்ல கருங்கல்லை நசுக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,500 கிலோவுக்கு மேல் எடை வேண்டும். இழுத்துப் பிய்க்க அதில் பத்தில் ஒரு பங்கே போதும், சில கற்களுக்கு அதுவும் வேண்டாம். எனவே கல்தச்சனின் முதல் விதி: கல்லை நசுக்கவிடு, இழுக்கவிடாதே. இரு தூண்களுக்கு மேல் படுத்திருக்கும் உத்தரத்தின் அடிப்பக்கம் எப்போதும் இழுபடுகிறது. அதே கனமுள்ள உத்தரத்தை இரண்டு மடங்கு நீளமாக்கினால், அதன் சொந்த எடையால் மட்டுமே அடிப்பக்க இழுவிசை நான்கு மடங்காகும். நம் மண்டபங்களில் தூண்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதற்கு இதுவே விடை.

வளைசுவர் இழுபடுவதில்லை. அதன் சிக்கல் வேறு, அது வடிவியல். நான் இதை ஒரு காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். எடுத்துக்காட்டாக, நான்கு மீட்டர் ஆரமுள்ள ஓர் அரைவட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முளை அடித்துக் கயிறு கட்டிச் சுற்றினால் வட்டம் வந்துவிடும், அது எளிது. அந்த வட்டத்தின்மேல் ஒரு மீட்டர் நீளமுள்ள நேர்கல்லை வைத்தால் வளைவுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி மூன்று சென்டிமீட்டர். அதாவது கல்லின் முகத்தில் நடுவை விட்டுவிட்டு இரு ஓரங்களையும் மூன்று சென்டிமீட்டர் வரை சரித்து எடுக்க வேண்டும். கல் இரண்டு மீட்டர் நீளமானால் இடைவெளி இரு மடங்காவதில்லை, பன்னிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. கல்லைப் பாதியாக்கினால், அரை மீட்டரில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. நீளத்தின் வர்க்கமாக உளிவேலை ஏறுகிறது.

அப்படியானால் சிறிய கற்களையே வைத்துவிடலாமே? வைத்தால் இணைப்புகள் பெருகும். சாந்து இல்லாமல் அடுக்கும் கட்டடத்தில் இணைப்புதான் உழைப்பு. இரு முகமும் ஒட்ட வேண்டும். போதாததற்கு, அரைவட்டத்தில் ஒவ்வோர் இணைப்பும் நடுப்புள்ளியை நோக்கிச் சாய வேண்டும். செங்கோண மூலைமட்டம் இங்கே உதவாது. இன்னும் ஒன்று. அதிட்டானத்தின் அடிவரி வெளியே தள்ளியிருக்கிறது, அதற்குமேல் குமுதம் கொஞ்சம் உள்ளே, கண்டம் இன்னும் உள்ளே, பட்டிகை மறுபடி வெளியே. எல்லாவற்றுக்கும் நடுப்புள்ளி ஒன்று, ஆரம் வேறு வேறு. ஆகவே ஒரு வரிக்குச் செய்த வளைவு மாதிரி அடுத்த வரிக்கு ஆகாது. நேர்ச்சுவரில் ஒரே அளவுக் கல்லைப் பத்துப் பேர் செதுக்கலாம், எதை எங்கே வைத்தாலும் பொருந்தும். வளைசுவரில் ஒவ்வொரு வரிக்கும் தனி அளவு.

இதில் ஒரு சின்ன இன்பம் ஒளிந்திருக்கிறது. அந்த நான்கு மீட்டர் அரைவட்டத்துக்குப் பதில் சதுர மூலைகளோடு பின்பக்கத்தை முடித்திருந்தால் சுவர் நீளம் பதினாறு மீட்டர் ஆகியிருக்கும். அரைவட்டத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை மீட்டர் போதும். சுவரில் நூற்றுக்கு இருபத்தொன்று மிச்சம். உள்ளிடமும் அதே இருபத்தொன்றுதான் குறைகிறது, இம்மியும் பிசகாமல். எந்த ஆரத்துக்குப் போட்டாலும் இந்த இரண்டும் சமமாகவே குறையும். பையை நான்கால் வகுத்துப் பாருங்கள், விடை கிடைக்கும். கல்லை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காக யாரும் இந்த வடிவத்தைத் தேர்ந்திருக்க முடியாது. மிச்சமான கல்லைவிடக் கூடுதலான உளிவேலை அதிகம். குடிசையில் சிக்கனமாக இருந்த வடிவம் கல்லில் ஆடம்பரமாகிவிட்டது. பழைய வீட்டின் உருவத்தை விட மனமில்லாதவர்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள்.

ஓர் ஆதாயம் மட்டும் கிடைத்தது, அப்பாவின் போஸ்ட் கார்டு காட்டிய ஆதாயம். நேர்ச்சுவரைப் பக்கவாட்டில் தள்ளினால் அதன் கனம் மட்டுமே எதிர்க்கும். வளைந்த சுவரைத் தள்ளினால் வளைவு முழுவதும் எதிர்க்கும். பெட்டியின் கூரைத் தகடும் கருவறையின் பின்சுவரும் இந்த ஓர் இடத்தில் ஒரே பாடத்தைப் படிக்கின்றன.

உளிவேலை என்றேனே, அதன் கடுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினமானது. உளி கல்லை வெட்டுவதில்லை. அடியின் அதிர்ச்சியில் முனைக்குக் கீழுள்ள படிகங்களை நொறுக்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சிட்டிகைத் தூள். உளி மழுங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கல்தச்சர் இருக்கும் இடத்தில் கொல்லனின் உலை இருந்தே ஆக வேண்டும்: காய்ச்சி, தட்டிக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்துத் திருப்பித் தருவதற்கு. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், நாற்பது சென்டிமீட்டர் உயரமுள்ள கல் அரை டன்னுக்கு மேல் எடை. காவி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டு, செதுக்கி, ஏற்றி, வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் மறுபடி இறக்க வேண்டும்.

அந்தக் கல்லும் ஊரில் கிடைப்பதில்லை. திருவொற்றியூரின் அடியில் மணலும் களிமண்ணும்தான். கருங்கல் தரையைவிட்டு எழும்பும் இடங்களுள் அருகானவை பரங்கிமலையும் பல்லாவரமும், நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே. அந்தப் பாறைக்கு உலகப் புகழ் உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கரிய கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், அது சென்னைப் பக்கத்துப் பாறை என்று கண்டு, 1893இல் அந்த வகைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். வங்காளத்துக் கல்லறையின் பெயரைத் தாங்கிக்கொண்டு நம் பல்லாவரத்துப் பாறை உலகப் பாடநூல்களில் இருக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர்ச்சத்து மிகக் குறைந்த நிலையில் உருவானது. ஹைபர்ஸ்தீன் என்னும் கனிமம் உள்ள இந்தப் பாறையில் குவார்ட்ஸ்கூட நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் எண்ணெய் பூசியதுபோல் தெரியும். நாம் கருங்கல் என்ற ஒற்றைச் சொல்லில் கிரானைட்டையும் இதையும் வேறு பலவற்றையும் அடக்கிவிடுகிறோம். கட்டடத்துக்கு அது போதும். கல்வெட்டு கல்லின் கருமையைத் தனியாகக் குறித்திருப்பதைப் பார்த்தால், கட்டச் சொன்னவர்களுக்கு அந்த நிறம் பெருமையாக இருந்தது தெரிகிறது.

சுவர் எழும்பிவிட்டது. மேலே மூடுவது எப்படி? நம் தச்சர்கள் உண்மையான வளைவு விதானத்தை நாடவில்லை. கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி நீட்டிக்கொண்டே போய் உச்சியில் மூடினார்கள். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டியால் பெயர் பெற்ற ஊர், ஆகவே நான்கு முழுத் தீப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை விளிம்பில் அடுக்குங்கள். மேல்பெட்டி அதற்கடுத்ததைவிட அரைப் பெட்டி நீளம் நீட்டலாம். இரண்டாவது மூன்றாவதைவிடக் கால் பங்கு. மூன்றாவது நான்காவதைவிட ஆறில் ஒரு பங்கு. நான்காவது மேசையைவிட எட்டில் ஒரு பங்கு. கூட்டினால் ஒன்றைத் தாண்டுகிறது. மேல்பெட்டி முழுதுமாக மேசைக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும். கோந்து இல்லை, கயிறு இல்லை. இது கத்திமுனை நிலை, ஈ உட்கார்ந்தால் சரியும். தச்சன் இதில் பாதியளவுகூடத் துணிய வேண்டியதில்லை, ஏனென்றால் நீட்டிய கல்லின் வால்மேல் அடுத்த தளத்தின் எடை உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறது. மேலே ஏற ஏற எடை கூடுகிறது, கூடக் கூடக் கீழே பிடி இறுகுகிறது.

சதுர விமானத்துக்கு உச்சி ஒரு புள்ளி; ஒரு கலசம். யானை முதுகு விமானத்துக்கு உச்சி ஒரு கோடு, குடிசையின் மோட்டுவளை போல. அதனால் கலசங்கள் வரிசையாக நிற்கும். முன்பக்கம் அந்தக் கூரை வெட்டுப்பட்டு நிற்கும் முகம், குதிரைலாட வடிவில் தெரியும். கபோதத்தின்மேல் சின்னச் சின்னதாக வரிசைகட்டும் கூடுகளும் அதே முகத்தின் குட்டி வடிவங்கள்தான். மூங்கிலை வளைத்துக் கட்டிய கூரையின் வாசல். ஒரு கோயிலுக்குள் எத்தனை குடிசைகள் இருக்கின்றன என்று கூடுகளை எண்ணிச் சொல்லிவிடலாம்.

அதிட்டானத்தின் வரிகளை அலங்காரம் என்று மட்டும் எழுதிவைக்கும் நூல்களைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு கன மீட்டர் கருங்கல் 2.7 டன். ஐந்து மீட்டர் உயரச் சுவர் தன் அடியில் ஒரு சதுர மீட்டருக்குப் பதின்மூன்றரை டன் இறக்குகிறது, மேல்தளங்களைச் சேர்க்காமலே. தளர்ந்த மணல் அந்தச் சுமையில் அமுங்கும். இறுகிய மணல் இருபது டன்னுக்கு மேல் தாங்கும், ஆனால் பக்கவாட்டில் நழுவாமல் அடைபட்டிருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலச் சுவரை வரிவரியாக அகட்டி ஒன்றரை மீட்டராக்கி நிலத்தில் வைத்தால் பதின்மூன்றரை ஒன்பதாகிறது. வெளியே தள்ளிய வரிகள் மணலுக்குச் சொல்லும் ஆறுதல் அது. கபோதம் வளைந்து கீழிறங்கி விளிம்பில் கூராக முடிவதும் அப்படித்தான்: மழைநீர் சுவரில் ஒட்டி இறங்காமல் விளிம்பிலிருந்தே சொட்டிவிடும், சுவரின் கால் நனையாது.

கடற்கரைக் கட்டடத்துக்கு நீரைவிட உப்பு பெரிய பகை. காற்றோடு வரும் உப்பு கல்லின் துளைகளில் நுழைந்து, காயும்போது படிகமாகப் பருத்து, உள்ளிருந்து பிளக்கிறது. செங்கல்லில் ஐந்தில் ஒரு பங்குகூடத் துளையாக இருக்கலாம். கருங்கல்லில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆயிரம் ஆண்டாக வங்கக் கடலின் காற்றும், இப்போது சில பத்தாண்டுகளாக எண்ணூர், மணலி ஆலைகளின் புகையும் பட்டும் இந்தச் சுவர் நிற்பதற்குக் காரணம் அந்தத் துளையின்மை. புகையின் அமிலம் சலவைக்கல்லைக் கரைப்பதுபோல் சிலிக்கேட் கல்லைக் கரைக்காது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் அலையின் நேர்த்தெறிப்பில் நிற்பதால் அதன் சிற்பங்கள் மழுங்கின. அங்கே உப்பை உறிஞ்சி எடுக்கக் காகிதக் கூழைப் பூசி உரிக்கும் வேலையைத் தொல்லியல் துறை திரும்பத் திரும்பச் செய்திருக்கிறது.

உப்பு செய்யாததை நாம் செய்துவிட முடியும் என்பதுதான் என் அச்சம். தமிழகக் கோயில்கள் பலவற்றில் திருப்பணி என்ற பெயரில் மணலை அழுத்தக் காற்றோடு அடித்துக் கல்லைச் சுத்தம் செய்தார்கள். புதுக்கல் போலப் பளிச்சென்று ஆகும். கூடவே கல்தச்சன் கடைசியாக வைத்த உளியின் தடமும், எழுத்தின் விளிம்பும் போய்விடும். திருவொற்றியூரில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படித்துப் பதிவாகியிருக்கின்றன. பங்குனி உத்திரத் திருவிழாவில் இராசராசன் மண்டபத்தில் மகிழமரத்தடியில் அமர்ந்து இரண்டாம் இராசாதிராசன் சுந்தரர் வரலாற்றைக் கேட்டதை ஒன்று சொல்கிறது. பாணினியின் இலக்கணம் கற்பித்த மண்டபத்தைப் பற்றி வேறொன்று சொல்கிறது. இரவி என்ற பெயரும் அப்படி ஓர் எழுத்தின் ஆழத்தில், சில மில்லிமீட்டரில்தான் உயிரோடு இருக்கிறது.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு திருவொற்றியூர்த் தேரடிக்கு நாங்கள் பலமுறை போயிருக்கிறோம். முழங்கால் வலியால் அவருக்கு மூலைகளில் திரும்புவது சிரமம். சதுரமான சந்நிதிகளைச் சுற்றும்போது ஒவ்வொரு மூலையிலும் ஒரு கணம் நின்று, காலை மாற்றி வைத்துத்தான் திரும்புவார். ஆதிபுரீசுவரரைச் சுற்றும்போது பின்பக்கத்தில் அவர் நிற்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, ஓர் அடி ஓர் அடியாக, வளைவோடு வளைவாக நடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். நான் மட்டும் நின்று, பட்டிகை வரியில் கற்கள் சேரும் கோடுகள் எல்லாம் உள்ளே ஏதோ ஒரு புள்ளியைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.